ராத்தாவின் குளியலறையில் ஒரு மிடறு தண்ணீர்

குளியலறைத் தரையில் இருக்கும் ஓட்டையைப் பற்றி யாராவது பேச்செடுத்தால் என்னால் வாயை மூடிக்கொண்டு இருக்க முடிவதில்லை. கலியாண வீடாக இருந்தாலும் சரி, மட்டக்களப்பு பஸ்ஸாக இருந்தாலும் சரி, அந்த ஓட்டைக்குக் கீழே என்ன இருக்கிறது என்று சொல்லி முடிக்காமல் இறங்கமாட்டேன். பல்கலைக்கழகத்தில் கட்டடப் பொறியியல் படிக்கப் போனதால் பிடித்த பைத்தியம் இது என்று தோழிகள் நினைக்கிறார்கள். தலைகீழாக நினைக்கிறார்கள். அந்த ஓட்டைதான் என்னை அங்கே கொண்டுபோய் விட்டது.

நான் தரம் ஆறில் படித்துக்கொண்டிருந்தேன். ராத்தாவுக்கு, அதாவது என் அக்காவுக்கு, கலியாணம் பேசி முடித்திருந்தார்கள். எங்கள் பக்கத்தில் கலியாணம் முடிந்ததும் பெண் வீட்டை விட்டுப் போகமாட்டாள். பெண்ணுக்கென்று கட்டிக்கொடுத்த வீட்டுக்கு மாப்பிள்ளைதான் பெட்டியோடு வருவார். ஆகவே ஏறாவூரில் ஒரு வாப்பா எப்படிப்பட்டவர் என்று தெரிந்துகொள்ள அவருடைய கடையைப் பார்க்கத் தேவையில்லை, மகளின் வீட்டைப் பார்த்தால் போதும். எங்கள் பழைய வீட்டுக்கும் வாவிப் பக்கத்து வேலிக்கும் நடுவிலே கிடந்த வெறும் வளவில் வாப்பா ராத்தாவுக்கு வீடு கட்டினார். அதில் அறையோடு ஒட்டிய குளியலறை ஒன்று இருந்தது. எங்கள் குடும்பத்தில் அதுதான் முதல். அதுவரை நாங்கள் எல்லோரும் முற்றத்தைத் தாண்டி, கோழிகளை விரட்டி, மழையென்றால் தலையில் சாக்கைப் போட்டுக்கொண்டு போனவர்கள்.

அந்தக் குளியலறைக்குக் குழாய் வேலை முழுவதையும் செய்தவர் சாச்சா. வாப்பாவின் தம்பி. கத்தாரில் வானத்தைத் தொடும் ஹோட்டல்களுக்கெல்லாம் குழாய் பூட்டிவிட்டு, இனிப் போவதில்லை என்று வந்திருந்தார். “எங்கட புள்ளட வீட்டுக்கு வெளி ஆள் வந்து பைப் பூட்டுறதா? நான் என்னத்துக்குக் கிடக்கிறன்?” என்று கேட்டு, வேலையைப் பிடுங்கிக்கொண்டார். அவர் வேலை செய்வதைப் பார்க்கத் தெருவில் போகிறவர்களும் வந்து நின்றார்கள். குழாயை வெட்டினால் வெட்டிய விளிம்பை விரலால் தடவிப் பார்த்து, திருப்தி இல்லையென்றால் மறுபடி அராவுவார். பச்சைக் கோடு போட்ட வெள்ளை டைல்ஸ், மழைபோலக் கொட்டும் ஷவர், அழுத்தினால் தானே தண்ணீர் ஊற்றும் கொமட். எல்லாம் முடிந்த அன்று அவர் கதவடியில் கையைக் கட்டிக்கொண்டு நின்ற நிலையைப் பார்த்தால், ஹோட்டலையே கட்டி முடித்துவிட்டு நிற்கிறார் என்றுதான் தோன்றும்.

அதன் பிறகு அந்தக் குளியலறை உம்மாவின் ஆட்சிக்குள் போனது. மாப்பிள்ளையும் பெண்ணும்தான் அதில் முதலில் குளிக்க வேண்டும். அதுவரை யாருக்கும் அனுமதி இல்லை. பார்க்க வந்தவர்கள் வாசலில் நின்று பார்க்கலாம், கால் வைக்கக்கூடாது. நான் ஒருமுறை ஷவரைத் திறந்து பார்க்கப் போய்க் காதைப் பிடித்து இழுத்துவரப்பட்டேன். உம்மா துடைப்பதில் வல்லவர். எங்கள் தெருவில் யார் வீட்டில் கலியாணம் என்றாலும் பாத்திரம் துலக்கியதைச் சரிபார்க்க உம்மாவைத்தான் கூப்பிடுவார்கள். அப்படிப்பட்டவரின் கையில் பளபளக்கும் டைல்ஸைக் கொடுத்தால் என்னவாகும்? காலையில் ஒருமுறை, மாலையில் அசர் தொழுகைக்குப் பிறகு ஒருமுறை என்று துடைத்தார்.

அந்த நாட்களில் டெங்கு வேறு. சுகாதாரப் பரிசோதகர் வீடு வீடாக வந்து சிரட்டையையும் பழைய டயரையும் கிளறிப் பார்த்தார். பக்கத்து வீட்டுப் பூச்சாடித் தட்டில் புழு இருந்ததைத் தெருவே கேட்கும்படி சொல்லிவிட்டுப் போனார். அன்றிலிருந்து உம்மாவுக்குத் தேங்கி நிற்கும் தண்ணீர் என்றால் எதிரி. எங்கள் வீட்டில் கவிழ்த்து வைக்காத பாத்திரம் எதுவும் இல்லை.

புது வீட்டில் நாற்றம் கிளம்பியது கச்சான் காற்று வீசத் தொடங்கியபோதுதான். மேற்கிலிருந்து வாவியைத் தாண்டி வரும் அந்தச் சூட்டுக் காற்றில் கொடியில் போட்ட உடுப்பு மடித்து எடுப்பதற்குள் காய்ந்துவிடும். வாப்பா முதலில் மூக்கைச் சுளித்துவிட்டு, “ஆத்து மணம். தண்ணி வத்திச் சேறு கிளம்புது” என்றார். ஜன்னல்களைப் பூட்டினார்கள். நாற்றம் கூடியது. உம்மா செத்த எலி என்றார். கூரையில் ஏறித் தேடினார்கள், எலி இல்லை. பிறகு சாம்பிராணி போட்டார்கள். சாம்பிராணியும் அந்த நாற்றமும் சேர்ந்து வந்த மணத்தை இங்கே எழுதாமல் விடுவதே நல்லது.

அப்படி இருக்கும்போதுதான் மாப்பிள்ளையின் உம்மா வீடு பார்க்க வந்தார். நல்ல மனுஷி. வட்டிலப்பம் சாப்பிட்டார், ராத்தாவின் தலையைத் தடவினார், சுவரைத் தொட்டுப் பார்த்து மாஷா அல்லாஹ் சொன்னார். குளியலறைக் கதவைத் திறந்ததும் முந்தானை நுனி தானாக மூக்குக்குப் போனது. உடனே கீழே இறக்கிவிட்டார். ஆனாலும் எல்லோரும் பார்த்துவிட்டோம்.

“புது வீடுதானே மச்சி, புழங்கப் புழங்கச் சரியாகும்” என்றார்.

அவர் திட்டியிருந்தால் வாப்பா தாங்கியிருப்பார். இந்த மரியாதையைத்தான் அவரால் தாங்க முடியவில்லை. உடனே ஆளனுப்பிச் சாச்சாவைக் கூப்பிட்டார். சாச்சா சாரத்தை மடித்துக் கட்டிக்கொண்டே வந்தார். குளியலறைக்குள் போனார், குந்தினார், தரை ஓட்டையின் மூடியைத் தூக்கிப் பார்த்தார். பிறகு கொமட்டின் மூடியைத் தூக்கிப் பார்த்தார்.

உம்மா வாசலில் நின்று மாப்பிள்ளையின் உம்மாவுக்குச் சொல்லிக்கொண்டிருந்தார்: “துப்புரவில ஒரு குறையும் இல்ல மச்சி. ஒரு சொட்டுத் தண்ணி நிக்க விடமாட்டன். நானே என்ட கையால துடைச்சுத்தான் வெச்சிரிக்கன்.”

சாச்சா நிமிர்ந்து உம்மாவைப் பார்த்தார். பிறகு மாப்பிள்ளையின் உம்மாவைப் பார்த்தார். கையைச் சாரத்தில் துடைத்துக்கொண்டு வெளியே வந்தார்.

“என்ட வேலையிலதான் பிழை, காக்கா. ஒள்ளுப்பம் கவனிக்காம விட்டுட்டன். நாளைக்கு வந்து சரியாக்கித் தாறன்” என்று தன் அண்ணனிடம் சொன்னார்.

“கத்தார்ல இதத்தான் செஞ்சிட்டு வந்தயா?” என்று வாப்பா கேட்டார். சம்பந்திக்கு முன்னால் கேட்டார். “நாளைக்கும் வேணாம், மறுகாவும் வேணாம். நான் வேற மேசன் பாஸப் புடிச்சுத் தரையை உடைச்சுப் பாத்துக்கிறன். நீ இனி இந்தப் பக்கம் வராத. கலியாணத்துக்கும் உனக்குச் சொல்லல்ல எண்டு நினைச்சுக்கோ.”

சாச்சா செருப்பைக் கூட ஒழுங்காகப் போடாமல் போனார்.

எனக்கு அழுகையைவிடக் கோபம்தான் அதிகமாக வந்தது. சாச்சாவின் வேலையில் பிழை என்று அவரே சொன்னாலும் நான் நம்பத் தயாராக இல்லை. சோற்றுக்கு முன்னால் உட்கார்ந்திருக்கும்போது எனக்கு ஒரு கேள்வி வந்தது. முற்றத்தில் இருக்கும் எங்கள் பழைய குளியலறையில் இத்தனை பேர் குளிக்கிறோம், வந்தவர் போனவர் எல்லோரும் போகிறார்கள், அது நாறவில்லை. யாருமே போகாத குளியலறை ஏன் நாறுகிறது? இதை உரக்கக் கேட்டேன். “சோத்துக்கு முன்னால கேக்கிற கேள்வியா இது?” என்று உம்மா அகப்பையைத் தூக்கினார்.

அடுத்த நாள் வளவில் கிடந்த கட்டட மிச்சங்களைக் கிளறினேன். மணல், உடைந்த டைல்ஸ், சாச்சா மிச்சம் விட்டுப்போன குழாய்த் துண்டுகள். அதற்குள் வளைந்த துண்டு ஒன்று கிடந்தது. குழாய் கீழே இறங்கி, மனம் மாறியது போலத் திரும்பி மேலே ஏறி, மறுபடி கீழே போனது. தண்ணீரை வெளியே அனுப்புவதற்கென்று செய்த குழாய்க்கு இப்படி ஒரு வயிறு எதற்கு? நேராகவே விட்டிருக்கலாமே. கிணற்றடிக்குக் கொண்டுபோய் வாளியால் தண்ணீர் ஊற்றிப் பார்த்தேன். ஊற்றிய தண்ணீரெல்லாம் மறுபக்கத்தால் போனது. ஒரு மிடறு மட்டும் போகவில்லை. வயிற்றுக்குள்ளே நின்றுகொண்டது. இன்னும் ஒரு வாளி ஊற்றினேன். பழைய மிடறு போய்ப் புது மிடறு வந்து நின்றது. எத்தனை முறை ஊற்றினாலும் அந்தக் குழாய் தன் பங்கை எடுத்துக்கொண்டுதான் மிச்சத்தை விட்டது.

இதை ராத்தாவுக்குக் காட்டலாம் என்று புது வீட்டுக்கு ஓடினேன். அங்கே உம்மா குளியலறைத் தரையில் குந்தியிருந்தார். வாப்பாவின் கிழிந்த பெனியனைச் சுருட்டித் தரை ஓட்டைக்குள் விட்டு, எடுத்து, வாளிக்குள் பிழிந்தார். மறுபடி விட்டார், மறுபடி பிழிந்தார். துடைக்கும்போது உள்ளே வழிந்த தண்ணீரை ஒரு சொட்டு விடாமல் எடுத்துக்கொண்டிருந்தார். கொமட்டைப் பார்த்தேன். அதையும் சிரட்டையால் அள்ளி, துணியால் ஒற்றி, பீங்கான் கோப்பைபோல உலர்த்தி வைத்திருந்தார். மறுபடி தண்ணீர் வராமல் இருக்க வால்வையும் பூட்டியிருந்தார்.

“என்ன உம்மா செய்யிறீங்க?”

“டெங்குப் புழு வெச்சிடும். கலியாணத்தண்டைக்குப் பரிசோதகர் வந்து நிண்டா யாருக்கு வெட்கம்?”

நான் வாசலில் அப்படியே நின்றேன். என் கையில் இருந்த வளைந்த குழாய்க்குள் ஒரு மிடறு தண்ணீர் ஆடிக்கொண்டிருந்தது. உம்மாவின் வாளிக்குள் இன்னொரு மிடறு. அந்தக் கணத்தை இப்போது நினைத்தாலும் உள்ளங்கால் குறுகுறுக்கிறது.

இருந்தாலும் நான் உடனே கத்தவில்லை. முதலில் சோதித்துப் பார்த்தேன். அந்த வயதில் அவ்வளவு புத்தி இருந்ததற்கு இன்றும் என்னையே மெச்சிக்கொள்வேன். சாம்பிராணிச் சட்டியில் நெருப்பு போட்டு, அதன் மேலே வளைந்த குழாயின் ஒரு வாயை வைத்து, புகை வெளியே தப்பாமல் சுற்றிவர ஈரத் துணியை அடைத்து, அடியில் விசிறியால் வீசினேன். வெறும் குழாயில் புகை வளைந்து நெளிந்து மறுவாயால் வந்து என் முகத்தில் அடித்தது. மறுவாயால், நெருப்பில் வழியாத அளவுக்கு, ஒரு கோப்பைத் தண்ணீர் ஊற்றினேன். புகை நின்றுவிட்டது. விசிறினேன், விசிறினேன், துணி இடுக்கால் புகை வந்ததே தவிர அந்த மிடறைத் தாண்டி ஒரு இழைகூட வரவில்லை. கீழே போக வேண்டியதைப் போக விட்டு, மேலே வரக்கூடாததை வராமல் மறிக்கிறது. கீலும் பூட்டும் இல்லாத ஒரு கதவு, வெறும் தண்ணீரால் செய்த கதவு. மலக்குழியிலிருந்து வரும் நாற்றத்துக்கு அதுதான் காவல். நாங்கள் பழைய குளியலறையில் குளிக்கும்போதெல்லாம் அந்தக் கதவைப் புதுப்பித்துக்கொண்டிருந்தோம். புதுக் குளியலறையில் உம்மா தினமும் அதைக் கழற்றி வாளிக்குள் போட்டுக்கொண்டிருந்தார். மிச்சம் மீதி இருந்ததைக் கச்சான் காற்று குடித்துவிட்டது.

ராத்தாவிடம் சொன்னேன். அவள் சிரிக்கவில்லை. புகையை இரண்டு தரம் செய்து காட்டச் சொல்லிவிட்டு, “வாப்பாட்டச் சொல்லு” என்றாள். வாப்பா கடையிலிருந்து வந்ததும் சொன்னேன். “போய்ப் படி” என்றார்.

அடுத்த நாள் காலை வாழைச்சேனைப் பக்கமிருந்து புது பாஸ் ஒருவர் உளியும் பெரிய சுத்தியலுமாக வந்து இறங்கினார். அந்தப் பச்சைக் கோட்டு டைல்ஸ் இனிக் கடையில் இல்லை. உடைத்தால் வேறு நிறத்தில்தான் ஒட்டுப் போட வேண்டும் என்று எல்லோருக்கும் தெரியும். அந்த ஒட்டு இருக்கும்வரை சாச்சாவின் பெயர் என்னவாகும் என்று எனக்கு மட்டும்தான் கவலை. பாஸ் குளியலறைக்குள் போய், உளியை எங்கே வைப்பது என்று பார்த்துக்கொண்டிருந்தபோது நான் இரண்டு கையிலும் வாளியோடு உள்ளே புகுந்தேன். ஒன்றைத் தரை ஓட்டையில் கவிழ்த்தேன். மற்றதைக் கொமட்டில் கவிழ்த்தேன். பாஸின் கால் முழுவதும் நனைந்தது.

“இந்தப் புள்ளைக்கு என்ன விசரா?” என்று அவர் துள்ளினார்.

வாப்பா என் கையைப் பிடித்து வெளியே இழுத்தார். உம்மா, “ஐயோ என்ட தரை!” என்று பெனியனைத் தேடினார். நான் ஒரே மூச்சில் எல்லாவற்றையும் சொன்னேன்: மிடறு, வயிறு, புகை, கதவு. யாருக்கும் ஒரு சொல்லும் விளங்கியிருக்காது.

அப்போதுதான் ராத்தா அறையிலிருந்து வந்தாள். கலியாணம் பேசிய நாளிலிருந்து அவள் பெரியவர்கள் நிற்கும் இடத்தில் வாயே திறந்ததில்லை.

“வாப்பா, இது யாருட வீடு?”

“உன்ட வீடுதான். அதுக்கு இப்ப என்ன?”

“அப்ப உடைக்கிறதா இல்லையா எண்டு நான் சொல்லலாம்தானே. இண்டைக்கு அசர் வரைக்கும் உடைக்க வேணாம். தங்கச்சி சொல்றது பிழையெண்டா மறுகா உடைங்க.”

வாப்பா பாஸைப் பார்த்தார். பாஸ் கூரையைப் பார்த்தார். மகளுக்குக் கொடுத்த வீட்டில் மகள் சொல்லும் சொல்லுக்கு மேலே ஒரு சொல் இல்லை என்பது எங்கள் ஊரில் பாஸ்மாருக்கும் தெரியும்.

ஜன்னல்களைத் திறந்துவிட்டோம். கச்சான் காற்று உள்ளே வந்து சுற்றிவிட்டுப் போனது. பாஸ் விறாந்தையில் இருந்து தேத்தண்ணி குடித்தார், பகல் சோறு சாப்பிட்டார், ஒரு தூக்கமும் போட்டார். உம்மா கையில் பெனியனோடு குளியலறை வாசலில் நடந்துகொண்டே இருந்தார். ராத்தா வாசலை மறித்துக்கொண்டு கதிரையில் இருந்தாள். அசர் தொழுதுவிட்டு வந்த வாப்பா ஜன்னல்களை மூடச் சொன்னார். கதவைச் சாத்திக் கொஞ்ச நேரம் காத்திருந்துவிட்டு உள்ளே போனார். பாஸும் பின்னால் போனார். இரண்டு பெரிய ஆண்கள் குளியலறைக்குள் நின்று மூச்சை இழுத்து இழுத்து விடும் சத்தம் வெளியே கேட்டது.

“ஒரு மணமும் இல்லியே காக்கா” என்றார் பாஸ். பிறகு ஏமாற்றமாக, “அப்ப நான் எதுக்கு வந்தன்?”

நான் சாம்பிராணிச் சட்டியையும் வளைந்த குழாயையும் தூக்கிக்கொண்டு வந்தேன். முற்றத்தில் வைத்து எல்லோருக்கும் செய்து காட்டினேன். வெறும் குழாய், புகை. தண்ணீர், புகை இல்லை. வாப்பா குனிந்து குழாய் வாயில் மூக்கை வைத்தே பார்த்தார். பாஸ், “சரிதான், இப்பிடி யாரும் எனக்குக் காட்டித் தரல்ல” என்றார். உம்மா மட்டும் “டெங்கு?” என்று மெதுவாக ஒரு சொல் கேட்டார்.

“ரெண்டு நாளைக்கு ஒருக்கா ஒரு வாளி ஊத்துங்க உம்மா. பழைய தண்ணியும் போகும், புழு வைக்கவும் நேரமிருக்காது.”

உம்மா கையிலிருந்த பெனியனை மடித்தார். மடித்ததை இன்னும் சின்னதாக மடித்தார்.

வாப்பா சேட்டைப் போட்டுக்கொண்டு வெளியே போனார். யாரையும் அனுப்பவில்லை, தானே போனார். திரும்பி வரும்போது சாச்சாவும் கூட வந்தார். இரண்டு பேரும் வாசலில் செருப்பைக் கழற்றும்போது ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்கவில்லை, ஆனால் வாப்பாவின் கை சாச்சாவின் தோளில் இருந்தது. ராத்தா கதவுக்குப் பின்னால் நின்று மூக்கை உறிஞ்சினாள்.

நான் சாச்சாவை இருக்கக்கூட விடவில்லை. முற்றத்துக்கு இழுத்துக்கொண்டுபோய்ப் புகைக் கச்சேரியை மறுபடி நடத்தினேன். அவர் குந்திக்கொண்டு முழுவதையும் பார்த்தார். தண்ணீர் ஊற்றிப் புகை நின்றபோது, “அடேங்கப்பா!” என்று தொடையில் அடித்தார். “இன்னொருக்காச் செய்யு மகள்” என்று கேட்டு வாங்கிப் பார்த்தார்.

“உங்களுக்கே விளங்கல்லியே சாச்சா! கத்தாருக்கெல்லாம் போன நீங்க!”

“ஓம் மகள். எனக்கெங்க விளங்கிச்சு? நீ எஞ்சினியர்தான்.”

அந்தச் சொல்லை வாங்கி நான் எங்கே வைப்பது என்று தெரியாமல் முற்றத்தைச் சுற்றி ஓடினேன். அடுத்த நாள் பள்ளியில் பார்த்தவர்களுக்கெல்லாம் சொன்னேன். விஞ்ஞானப் பாட டீச்சர் என்னைக் குழாயோடு வரச் சொல்லி வகுப்புக்கு முன்னால் நிறுத்தினார். இன்றுவரை என் வாழ்க்கையில் அதைவிடப் பெரிய மேடை கிடைக்கவில்லை. ராத்தாவின் குளியலறை உடையாமல் கலியாணம் கண்டது. மாப்பிள்ளையின் உம்மா வந்து கதவைத் திறந்து, முந்தானையை எடுக்காமலே உள்ளே நடந்து போனார். சாச்சா புதுச் சாரம் கட்டிக்கொண்டு வாசலில் நின்று வந்தவர்களை வரவேற்றார்.

ஆனால் சாச்சா திரும்பி வந்த அன்று மாலை நடந்த ஒன்றுதான் எனக்கு நெடுநாள் உறுத்தலாக இருந்தது. கண்டுபிடித்தவள் நான். வாப்பா என் தலையில் கை வைத்தார், ராத்தா கன்னத்தில் முத்தமிட்டாள். உம்மா மட்டும் என் பக்கம் திரும்பவில்லை. சோறும் இறால் ஆணமும் போட்டு, வாப்பாவுக்கு வைப்பதற்கு முன்னாலேயே சாச்சாவின் முன்னால் கொண்டுபோய்த் தானே வைத்தார். வழக்கமாக என்னிடம்தான் கொடுத்தனுப்புவார். வைத்துவிட்டுப் போகவும் இல்லை. அவர் முதல் கவளத்தை எடுக்கும்வரை அங்கேயே நின்றார்.

“தம்பி” என்றார் உம்மா. குரல் அவருடையதுபோலவே இல்லை. “நீங்க அண்டைக்கே சொல்லியிரிக்கலாம்தானே?”

“என்னத்த மதினி?” என்று கேட்டுவிட்டுச் சாச்சா சாப்பிட்டார்.

உம்மா முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டு குசினிக்குள் போனார். எனக்கு உம்மாவின் மேல் எரிச்சலாக வந்தது. தனக்கே தெரியாத ஒன்றைச் சாச்சா எப்படிச் சொல்லியிருக்க முடியும்?